அம்பு அண்ணனின் இடது தோள்

குறையில்லாத மனிதர் உலகத்திலேயே கிடையாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பலர். எந்த இடத்தில் குறை, எத்தனை இஞ்சு குறை என்று அளந்து, அங்கே ஒரு சிவப்பு அம்பை ஒட்டியும் காட்டியவர், நான் அறிந்து ஒருவர்தான். எங்கள் அம்பு அண்ணன்.

திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் தைத்து வரும் ஒவ்வொரு டீசர்ட்டையும் மேசையில் விரித்துப் பார்ப்பார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், எது கண்ணில் பட்டாலும் அங்கே விரல்நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அம்பு காட்டும் இடத்தைத் தையல்காரர் பிரித்துச் சரி செய்வார். அந்தச் செக்கிங் பிரிவுக்கு அண்ணன்தான் மாஸ்டர். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அம்புகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு, தேவைப்படும்போது ஒவ்வொன்றாக உரித்து எடுப்பார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அங்கே போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

2001ஆம் ஆண்டு தை மாதம், ஒரு புதன்கிழமை, நெருப்பெரிச்சல் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியில் ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு தேதி பிசகினால் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும் வேலை அது. எதையும் நாள், கிழமையோடு டைரியில் குறித்து வைக்கும் நோய் அங்கேதான் எனக்குத் தொற்றியது. முதல் நாள் என்னைப் பார்க்க வந்த அம்பு அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலரைப் பார்த்தார்.

"சார், இடது காலர் கால் இஞ்சு தாழ்ந்திருக்குதுங்க."

"எங்க ஊர் டெய்லர் தைச்சதுங்க."

"ஏனுங்க, அவருக்கும் உங்களுக்கும் ஏதாச்சும் பகைங்களா?"

அன்றிலிருந்து நான் அவருக்கு 'டாக்குமென்ட் சார்.' என் பெயரை அவரும் கேட்கவில்லை. கணக்கு சரியாகிவிட்டது.

முதலாளி புதுக் கார் வாங்கி, கம்பெனி வாசலில் நிறுத்திப் பூசை போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐயர் மந்திரம் சொல்கிறார், எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கடியில் காத்திருக்கிறது, எல்லோரும் கைகூப்பி நிற்கிறோம். அம்பு அண்ணன் மட்டும் காரை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். பக்தியில் பிரதட்சிணம் செய்கிறார் என்று நினைத்தோம். பின்கதவுப் பக்கம் குனிந்தார். ஒரு அம்பை உரித்தார். ஒட்டினார்.

"ஏனுங்க அண்ணா, இது காருங்க. டீசர்ட் இல்லீங்க" என்றார் முதலாளி.

"தெரியுங்க. டீசர்ட்டா இருந்திருந்தா உள்ளயே உட்டிருக்க மாட்டனுங்க."

அவருக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. சட்டைப்பையில் எப்போதும் ஒரு டிரிம்மர் வைத்திருப்பார். நூல் வெட்டும் சின்னக் கத்தரி அது. யார் சட்டையில் நூல் தொங்கினாலும் அனுமதி கேட்காமல் வெட்டிவிடுவார். பல்லடம் பக்கம் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா சட்டையில் ஒரு நூல் தொங்கியது. பஜ்ஜித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்துபோய் அதை வெட்டினார். அது பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்த நூல். பொத்தான் உருண்டுபோய்ப் பெண்ணின் காலடியில் நின்றதாம். "நல்ல சகுனம்தானுங்களே?" என்று இவர் கேட்டிருக்கிறார். பெண்ணின் அப்பா பஜ்ஜித் தட்டை உள்ளே எடுத்துப் போகச் சொல்லிவிட்டாராம். அதன்பிறகும் மூன்று இடம் பார்த்தார்கள். தகவல் இவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆகவே அனுப்பர்பாளையத்தில், என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில், அம்பு அண்ணனும் அவருடைய அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். அப்பா பாத்திரப் பட்டறையில் காலமெல்லாம் சம்மட்டி அடித்தவர். காது போய்விட்டது. அதை ஈடுகட்டத் தொண்டை வளர்ந்துவிட்டது. அவர் ரகசியம் பேசினால் பஸ் ஸ்டாப்பில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா அதற்கு நேர்மாறு. மெலிந்த குரல், குள்ளமான உருவம், எதையும் சிரிக்காமல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம்.

2003 ஐப்பசியில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், நான் கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்த வீட்டிலிருந்து பெரியவரின் குரல் கேட்டது. "ஆரப்பா அங்க, என்னயத் தூக்கி உடு!" பாத்ரூம் வாசலில் மல்லாந்து கிடந்தார். வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டிருந்தது. கட்டுப் போட்ட டாக்டர் அம்பு அண்ணனைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"இந்தத் தடவை கையோட போச்சு. அடுத்த தடவை இடுப்பு எலும்பா இருந்தா, இந்த வயசுல எந்திரிக்கறது கஷ்டம். விழாமப் பாத்துக்குங்க."

"எப்படிப் பாத்துக்கறதுங்க? ஸ்பெக் ஏதாச்சும் குடுங்க டாக்டர்." சரக்கு வாங்குபவர் எழுதித் தரும் அளவுக் குறிப்புக்குக் கம்பெனியில் அதுதான் பெயர்.

"ஸ்பெக்கா? வீட்டைச் சுத்திப் பாருங்க. தடுக்கறது, வழுக்கறது, எது கண்ணுல பட்டாலும் சரி பண்ணுங்க."

டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாள் மாலை அம்பு அண்ணன் இரண்டு ரோல் ஸ்டிக்கரோடு வீட்டுக்குள் நுழைந்தார். நிலைப்படிக்கு அம்பு. பாத்ரூம் மொசைக் தரைக்கு அம்பு. கட்டில் முனைக்கு, ஆடும் முக்காலிக்கு, தரையில் ஓடிய டிவி வயருக்கு, குடத்திலிருந்து நீர் சொட்டும் மூலைக்கு, அப்பாவின் தேய்ந்த செருப்புக்கு. மூன்று நாளில் வீடே அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் ஒரு கீறல் இருந்ததால் அதற்கும் ஒன்று.

"எங்க பாத்தாலும் அம்பாவே தெரியுதுங்க சார்" என்று அம்மா என்னிடம் சொன்னார். "கண்ணாடியக் கழட்டிப்போட்டுத்தான் நடக்கோணுமாட்ட இருக்குது."

ஒட்டுவதோடு அவர் நிற்கவில்லை, சரியும் செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கம்பெனியில் துணி தொங்கவிடும் பழைய ஸ்டாண்டின் இரும்புக் குழாயைக் கேட்டு வாங்கி, பட்டறையில் வளைத்து, பாத்ரூம் சுவரில் கைப்பிடியாகப் பதித்தார். அதற்கு முன் அப்பாவை நிற்கவைத்து, உட்காரவைத்து, பாதி எழுந்த நிலையில் நிறுத்தி, டேப் வைத்து முழங்கை உயரம் எடுத்தார். பாதி எழுந்த நிலையிலேயே ரொம்ப நேரம் நின்ற பெரியவர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"டே, நீ சட்டைக்கு அளவெடுக்கறயா, பாடைக்கு அளவெடுக்கறயா?"

கட்டில் உயரம் அதிகம் என்று நாலு காலையும் அறுத்தார். ஒரு கால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக அறுபட்டுவிட்டது. கட்டில் அன்றிலிருந்து தொட்டிலானது. "கால் இஞ்சு முன்னப்பின்ன இருக்கலாமுங்க, டாலரன்ஸ் உண்டுங்க" என்றார். படுத்திருந்தவருக்கு அந்தச் சலுகை புரியவில்லை.

மாத்திரைகள் அடுத்தது. சர்க்கரைக்கு, ரத்தக் கொதிப்புக்கு, மூட்டுக்கு என்று இருவருக்கும் சேர்த்து ஒரு டப்பா நிறைய மாத்திரை. அம்மா குழம்பக் கூடாது என்று சின்னச் சின்ன பாலிபேக்கில் பிரித்துப் போட்டு, டீசர்ட்டுக்கு ஒட்டும் சைஸ் ஸ்டிக்கரை ஒட்டினார். காலை மாத்திரைக்கு S. மதியத்துக்கு M. இரவுக்கு L. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கேட்டார்.

"எக்ஸெல்லு வந்தா எப்பச் சாமி முழுங்கறது?"

அந்தச் சமயத்தில்தான் நானும் என் பங்குக்கு வாயைக் கொடுத்தேன். மொகலாயப் பேரரசர் ஒருவர் தம்முடைய நூலகப் படிக்கட்டில் கால் இடறி விழுந்தே இறந்துபோனார் என்று எங்கோ படித்ததை, ஆறுதலாக இருக்கட்டும் என்று பெரியவர் காதருகே குனிந்து சொன்னேன். அவர் நிலைப்படி அம்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பாவம். அவனுக்குப் படிக்கட்டுல அம்பு ஒட்ட ஆரும் இல்லயாட்ட இருக்குது."

பெரியவர் பழிவாங்கியது கார்த்திகையில். அம்பு அண்ணன் குனிந்து செருப்பு மாட்டும் நேரத்தில், கட்டில் முனையிலிருந்து உரித்த அம்பு ஒன்றை அவர் முதுகில் ஒட்டி அனுப்பிவிட்டார். காலை எட்டரையிலிருந்து மதியம் வரை அந்த அம்போடு மாஸ்டர் செக்கிங் பிரிவில் உலவினார். யாரும் சொல்லவில்லை. ஒரு டெய்லர் அக்கா மட்டும், "எவ்வளவு நாளா நாங்க தேடிட்டிருந்தோமுங்க, ஆரோ கண்டுபுடிச்சுட்டாங்க" என்றார்.

அதே கார்த்திகையில் பெரியவர் இன்னொரு முறை சறுக்கினார். சமையலறை வாசலில். கதவைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். அம்பு அண்ணன் அந்தக் கதவையும் தரையையும் அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். ஈரமில்லை. வயர் இல்லை. மேடு பள்ளம் இல்லை. காற்றுதான் இருந்தது. காற்றுக்கு அம்பு ஒட்ட முடியாததால் சுவரில் ஒட்டிவைத்தார்.

பிறகு தை மாதம். பெரியவர் மூன்றாவது முறையாக, பாத்ரூம் வாசலில் அதே இடத்தில் விழுந்தார். இம்முறை விழுந்தது சுவரோரம் வைத்திருந்த தவிட்டு மூட்டைமேல். அடி இல்லை. மூட்டைதான் கிழிந்தது. "தவிடு நல்லாத்தான் தாங்குது!" என்று அவர் சிரித்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

மகன் சிரிக்கவில்லை. என் வீட்டு முன் நின்ற என் ஸ்கூட்டர்மேல் வந்து உட்கார்ந்துகொண்டார். இடது கையில் அம்பு வரிசை இல்லை. அதில்லாமல் அவரை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"எத்தனை தடவை செக் பண்ணிட்டனுங்க டாக்குமென்ட் சார். எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஆனா உழுகறாங்க."

"விடுங்கண்ணா. எந்தச் செக்கிங்லயும் ஒண்ணு ரெண்டு தப்பறது சகஜம்தானே?"

அவர் என்னைப் பார்த்தார். காலரை அல்ல, முகத்தை.

"ஐநூறு பீஸ்ல ஒண்ணு தப்பலாமுங்க. எனக்கு இருக்கறதே ரெண்டு பீஸ்தானுங்களே."

எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். உள்ளே போய் டைரிகளை எடுத்து வந்தேன். ஐப்பசியில் அவர் விழுந்த நாள், கறி எடுத்த நாள்: ஞாயிறு. கார்த்திகையில் சறுக்கிய நாள்: ஞாயிறு. இன்றைக்கும் ஞாயிறு. மூன்றும் காலை எட்டு மணிக்குள்.

அம்பு அண்ணன் டைரியை வாங்கி, ஒரு டீசர்ட்டைப் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"ஏனுங்கம்மா, ஞாயித்துக்கிழமை காலைல அப்பா புதுசா ஏதாச்சும் பண்றாங்களா?"

"அவரு என்ன பண்றாரு? கத்தறாரு. அது தினமுந்தான்."

"நீங்க?"

"நானா? எப்பவும் பண்றதுதான் சாமி. வாசல் தொளிச்சு, டீ வெச்சு, நீ சனிக்கிழமை கொண்டாற துணிய எடுத்து பாத்ரூம், சமையக்கட்டு ரெண்டு வாசலுக்கும் மிதியடிக்கு மாத்திப் போடறேன்."

இதையும் விளக்க வேண்டும். திருப்பூரில் எந்த வீட்டிலும் கடையில் வாங்கிய மிதியடியைப் பார்ப்பது கடினம். கம்பெனியில் கட்டிங் போக மிஞ்சும் துண்டுத் துணிதான் கரித்துணி, தரை துடைக்கும் துணி, கால் துடைக்கும் துணி எல்லாம். சனிக்கிழமை மாலை வேஸ்ட் குவியலை அள்ளும்போது அம்பு அண்ணன் வீட்டுக்கென்று கொஞ்சம் எடுப்பார். மற்றவர்கள் கைக்கு வந்ததை எடுப்பார்கள். இவர் அப்படி எடுப்பாரா? தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இருப்பதிலேயே நைசான இன்டர்லாக் துணியை, ஒரு சின்ன ஓட்டைகூட இல்லாததை, அப்பா அம்மா காலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று பொறுக்கி எடுத்து வருவார்.

பாத்ரூம் வாசலில் அன்றைய புதுத் துணி நாலாக மடித்துக் கிடந்தது. வாரம் முழுக்க மிதிபட்டால் அது முரடாகித் தரையைப் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் மட்டும் பட்டுப்போல் இருக்கும். அம்பு அண்ணன் அதன்மேல் ஒரு காலை வைத்தார்.

அடுத்து நடந்ததை என் டைரியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறேன்: 'மாஸ்டர் விழுந்தார்.' துணி ஒரு பக்கம் போனது, கால் அதோடு போனது, மற்றதெல்லாம் மொசைக் தரைக்கு வந்தது. சத்தம் கேட்கும் அளவுக்குப் பெரியவருக்குக் காது இல்லை. அதிர்வு தெரிந்திருக்க வேண்டும். எட்டிப் பார்த்தார்.

"டே, பாத்து நடக்க மாட்டயா? அங்கதான் அத்தன அம்பு ஒட்டியிருக்குதல்லோ!"

அம்பு அண்ணன் எழவில்லை. கிடந்தபடியே அந்தத் துணியை இழுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். நிலைப்படியில் அம்பு இருந்தது. சுவரில் இருந்தது. தரையில் இருந்தது. துணியில் மட்டும் இல்லை.

"இதுல குறையே இல்லீங்க சார்" என்றார் மெதுவாக. "நானேதானுங்க பாத்துப் பாத்துப் பொறுக்குனேன். குறை இருந்தாத்தானுங்களே அம்பு ஒட்டுவேன்?"

நான் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். அவர் நிலைப்படியிலிருந்து ஓர் அம்பை உரித்தார். துணியில் ஒட்டப்போகிறார் என்று நினைத்தேன். தன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, தலைகுனிந்து நின்றார். நாற்பது தாண்டிய மனிதர், செக்கிங் மேசையில் ரிஜெக்ட் ஆன பீஸ் மாதிரி நின்றார்.

அம்மா கிட்டே வந்தார். கண்ணாடியை மேலே தள்ளி, அந்த அம்பை உற்றுப் பார்த்தார். நகத்தால் சுரண்டி உரித்து, சுருட்டி, ஜன்னல் வழியாக எறிந்தார்.

"டீ ஆறுது. வா சாமி."

அதோடு அந்த வீட்டில் அம்பு ஒட்டுவது நின்றது. மிதியடிக்குச் சாக்கை மடித்துத் தைத்துப் போட்டார்கள். குழாய்க் கைப்பிடி இருந்தது, S, M, L இருந்தது, தொட்டில் கட்டிலும் இருந்தது. ஆனால் அம்பு அண்ணனுக்கு வீட்டின்மேல் நம்பிக்கை போய்விட்டது. நிற்கிற பொருளைச் சோதித்து என்ன பயன், நடக்கிற மனிதரோடு அல்லவா நடக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன் பாத்ரூமுக்கு, பிறகு தெருமுனை டீக்கடைக்கு, பிறகு வீட்டுக்கு. மாலையிலும் அப்படியே. முன்னால் மகன் நடப்பார். பின்னால் அப்பா அவருடைய இடது தோளில் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வருவார். சம்மட்டி பிடித்த கை. பிடி அப்படி. பகலில் மகன் கம்பெனியில் இருக்கும் நேரத்துக்கு அம்மாவும் சுவர்க் குழாயும் பொறுப்பு.

இப்படி நாலு வருஷம் நடந்தார்கள். பெரியவரின் தொண்டை மட்டும் அப்படியே இருந்ததால், அவர்கள் டீக்கடைக்குப் போகும் நேரத்தை வைத்துத் தெருவில் கடிகாரத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நான் திருப்பியிருக்கிறேன்.

அந்த நாலு வருஷத்தில் அம்பு அண்ணனின் சட்டைகள் எல்லாம் இடது தோளில் இழுபட்டுத் தொங்கிப்போயின. யார் காலரும் கால் இஞ்சு தாழ்ந்தால் பொறுக்காத மனிதர், இதைக் கண்டுகொள்ளவே இல்லை. 2006இல் ஒரு நாள், சரக்கு வாங்கும் பையர் சார்பாக இன்ஸ்பெக்‌ஷனுக்குச் சென்னையிலிருந்து வந்த இளைஞர், டீசர்ட்டுகளை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்.

"மாஸ்டர், உங்க சட்டையில லெஃப்ட் ஷோல்டர் ஒன்றரை இஞ்சு அவுட். கவனிக்கலயா?"

செக்கிங் பிரிவே திரும்பிப் பார்த்தது.

"அது ஷோல்டர் இல்லீங்க தம்பி" என்றார் அம்பு அண்ணன். "கைப்பிடிங்க."

2008 மாசியில், ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் M மாத்திரையைப் போட்டுக்கொண்டு அந்த ஆடும் கட்டிலில் படுத்த பெரியவர், அப்படியே கண்மூடிவிட்டார். நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் விழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அம்பு அண்ணன் இதைத்தான் சொன்னார். "உழுகலீங்க. கடைசி வரைக்கும் உழுகவே இல்லீங்க." தெருவில் அதன்பிறகு ரொம்ப நாள் யாருக்கும் நேரம் தெரியவில்லை.

அடுத்த வருஷம் நான் வேலை மாறி ஈரோடு போனேன். கிளம்பும் நாள் காலையில் தெருமுனையில் அவர் எதிரே வந்தார். பின்னால் அம்மா. அம்மாவின் உயரத்துக்குத் தோள் எட்டாது. ஆகையால் சட்டையின் கீழோரத்தைப் பிடித்திருந்தார். இடது தோள் தொங்கிய அதே பழைய சட்டை இப்போது வலது பக்கம் கீழேயும் தொங்கியது. தோள் தையலில் ஒரு நீள நூல் ஆடிக்கொண்டிருந்தது. அவரிடம் ஒரு குறையைக் கண்டுபிடிக்க எனக்குக் கிடைத்த முதலும் கடைசியுமான வாய்ப்பு. விடவில்லை.

"அண்ணா, தோள்ல நூல் தொங்குது."

அவர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். டிரிம்மர் சட்டைப்பையில்தான் இருந்தது.

"அது இருக்கட்டுங்க" என்றார். பிறகு அவர் பார்வை என் சட்டைக்கு இறங்கியது. "ஏனுங்க சார், உங்குளுதுல ஒண்ணு தொங்குதுங்களே." கிட்டே வந்து, நான் சுதாரிப்பதற்குள் வெட்டிவிட்டு, அம்மாவை மெல்ல நடத்திக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின் குனிந்து பார்த்தேன். இரண்டாவது பொத்தானைக் காணோம்.

அந்தச் சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. பொத்தானை இதுவரை நான் தைத்துக்கொள்ளவில்லை.